பதினொரு நாளாகப் பூட்டிய கணக்கு: யாரிடம் போய்ச் சொல்வது?

உப்புவெளிச் சாரதி | செவ்வாய், இரவு 9.40

திருகோணமலையில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறேன். ஐந்து வருடம் தரிப்பிடத்தில் நின்றவன். கடந்த மூன்று வருடமாகக் கைபேசிச் செயலியில் வரும் ஹயர்தான் எனக்குச் சோறு. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் அதைத் திட்டவும் மீதிப் பேர் அதற்கு வக்காலத்து வாங்கவும் தொடங்கிவிடுவீர்கள். நான் கேட்க வந்தது காணாமல் போய்விடும்.

சென்ற மாதம் ரயில் நிலையத்தில் ஒரு வெளிநாட்டுத் தம்பதியை ஏற்றினேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டல். சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டும்போது அந்தப் பெண் ஹோட்டலின் பெயரைத் திருத்துகிறேன் என்று எதையோ அழுத்த, பயணம் ரத்தாகிவிட்டது. உச்சி வெயில். இரண்டு பெரிய பைகள். நடுவீதியில் இறங்குங்கள் என்றா சொல்வது? கொண்டுபோய் விட்டேன். திரையில் முதலில் காட்டிய தொகையைத்தான் வாங்கினேன். இரண்டு கிழமை கழித்து, கன்னியா வெந்நீரூற்றுக்குப் போன ஒரு குடும்பத்தோடும் இதே கதை. இந்தத் தடவை தகப்பனின் போனை நோண்டிக்கொண்டிருந்தவன் ஒரு சிறுவன்.

மறுநாள் காலை 5.50க்குப் போனைத் திறந்தால் சிவப்புப் பட்டை. கணக்கு இடைநிறுத்தம்; காரணம், சேவை விதிமுறை மீறல். ஆங்கிலத்தில் ஒரு வரி, சிங்களத்தில் ஒரு வரி. தமிழ் வரியில் பாதிக்கு மேல் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தன. பயணம் வழியில் ரத்து, ஆனாலும் வண்டி அதே இடத்துக்குப் போயிருக்கிறது, அதுவும் இரண்டு தடவை. ஆகவே நிறுவனத்தின் பங்கான கழிவுக் காசு கொடுக்காமல் ஏமாற்றுகிறான் என்று கணித்திருக்கும். இதுவும் நானாக ஊகித்ததுதான். யாரும் சொல்லவில்லை.

அழைப்பு இலக்கத்தில் தமிழுக்கு 3ஐ அழுத்தினால் பாட்டு. 40 நிமிடம் பாட்டுக் கேட்டேன். பிறகு இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். வாசலில் நின்ற காவலாளி நல்ல மனிதர், தேத்தண்ணீர் குடித்தீர்களா என்றுகூடக் கேட்டார். ஆனால் உள்ளே விடவில்லை. முறைப்பாடு எல்லாம் செயலிக்குள்தான் செய்ய வேண்டுமாம். செயலிதானே என்னை வெளியே போட்டுப் பூட்டியிருக்கிறது!

இன்றோடு 11 நாள். வருகிற 10ஆம் திகதி லீசிங் தவணை. யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அனுராதபுரச் சந்தி 7 | இரவு 9.58

தரிப்பிடச் சாரதிகளின் சங்கம் காலாவதியான சாமான் என்று இதே இடத்தில் மூன்று வருடத்துக்கு முன் எழுதியது யார் என்று தேடிப் பார்க்கவும். சந்தாக் கட்ட மனமில்லாமல் போனவர்களுக்கு இப்போது சங்கத்தின் நினைப்பு வருகிறது.

தவணைக்குக் காசு முடை என்றால் நாளைக்குச் சந்திக்கு வாருங்கள். அது வேறு கதை.

லிங்கநகர்த் தாதி | இரவு 10.21

அண்ணா, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் இந்த இழை தரிப்பிடத்துக்குத் தேவாரம் பாடும் இடமாக மாறுவதற்குள் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

மாலைப் பணி முடிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வர 8 மணி தாண்டிவிடும். வீட்டுக்குப் போகத் தரிப்பிடத்தில் கேட்டால் 700 ரூபா. மழை என்றால் 900. பேரம் பேசினால், 'வேறு வண்டியைப் பாருங்கள்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வேறு வண்டியும் அவர்களுடைய சங்கத்தின் வண்டிதான். செயலியில் 340. காட்டியது 340 என்றால் இறங்கும்போதும் 340தான். வண்டி இலக்கம், சாரதியின் முகம், வருகிற வழி எல்லாம் அம்மாவின் போனில் ஓடிக்கொண்டிருக்கும். என் அம்மா வாசலில் நின்று வீதியைப் பார்ப்பதை நிறுத்தியது அந்தச் செயலியால்தான்.

இன்னொன்று. ஒருநாள் வந்த சாரதியிடம் சாராய வாடை. இறங்கியதும் முறையிட்டேன். மறுநாளே அவரை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. அவரிடம் யாரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் உறைக்கிறது. ஆனாலும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். பொய் சொல்ல மாட்டேன்.

தரிப்பிடத்தில் புதிதாக ஒருவர் வண்டியை நிறுத்துவதற்கு எவ்வளவு இடக்காசு கொடுக்க வேண்டும் என்பதைச் சந்தி 7 எழுதுவாரா?

அனுராதபுரச் சந்தி 7 | இரவு 10.24

எழுத மாட்டேன்.

கிண்ணியா நானா | இரவு 11.05

தங்கச்சி சொல்வதும் உண்மை, தம்பி சொல்வதும் உண்மை. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்காதீர்கள்.

2022 ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு வந்தபோது முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர். நானும் வாய் நிறையத் திட்டினேன். ஆனால் அதற்கு முந்திய மாதம் வரிசையில் இரண்டு இரவு வண்டிக்குள்ளேயே படுத்தவன் நான். நாட்டில் வரிசையில் நின்றே செத்தவர்கள் இருக்கிறார்கள். கியூஆர் வந்த பிறகு நுழைந்து வெளியே வர 20 நிமிடம். பெற்றோல் செட்டுக்காரனின் மச்சானுக்கும் 5 லீற்றர்தான், எனக்கும் 5 லீற்றர்தான். இதை எப்படிக் குறை சொல்வது?

அடுத்த வருடம் அஸ்வெசும என்ற அரச உதவிக் கொடுப்பனவுக்கான பட்டியலை ஒட்டினார்கள். என் ராத்தாவின் பெயர் இல்லை. கைம்பெண், இரண்டு பிள்ளைகள். 22 குறிகாட்டிகளை வைத்துக் கணினி புள்ளி போட்டதாம். வீட்டுப் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்த மோட்டார் சைக்கிளும் சொத்துக் கணக்கில் ஏறியிருந்தது. அந்தக் கணினியும் உங்கள் செயலி மாதிரிக் கண் தெரியாததுதான். ஆனால் மேன்முறையீட்டுப் படிவம் இருந்தது. பிரதேச செயலகத்தில் ஒரு மேசை இருந்தது. அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர் எங்களைத் திட்டினார், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் இரண்டு மணிவரை வரவில்லை, படிவத்தை ஒரு தடவை தொலைத்தும்விட்டார். ஆனால் இருந்தார். நாலாவது தடவை வீட்டுக்கே வந்து சைக்கிளைக் காலால் தட்டிப் பார்த்தார். சீற்றின் பாதி கீழே விழுந்தது. பெயர் சேர்ந்தது.

தம்பிக்கு இல்லாதது அந்த மேசை.

ஸ்காபரோ வாசி | புதன், அதிகாலை 3.12

மன்னிக்கவும், இங்கே எனக்கு மாலை. மென்பொருள் வேலை செய்கிறேன். நீங்கள் எல்லோரும் நேற்றைய பிரச்சினையைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2024 ஜூனிலிருந்து யார் வேண்டுமானாலும் சாரதி இல்லாத வேமோ வண்டியைக் கூப்பிட்டு ஏறிப் போகலாம். கணக்கு முடக்கம் பற்றிய கவலையே இன்னும் பத்து, இருபது வருடத்தில் இருக்காது. முடக்குவதற்குச் சாரதி இருக்கமாட்டார். இப்போதே வேறு தொழில் பழகுவதுதான் புத்தி.

மட்டிக்களி | காலை 6.47

அந்த வண்டி இங்கே வரட்டும். கோட்டை வாசலில் மான் ஒன்று வீதிக்குக் குறுக்கே படுத்துச் சோற்றுப் பொதித் தாளை மென்றுகொண்டிருக்கும். நம்மவர் இறங்கிப் போய்ப் பின்புறத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவார். உங்கள் வேமோ இறங்கித் தட்டுமா, அல்லது மான் எழும்பும்வரை ஆடிப்பூரம் வரைக்கும் நிற்குமா?

உப்புவெளிச் சாரதி | காலை 7.02

ஸ்காபரோ அண்ணாவுக்கு: 43 வயது. லீசிங்கில் இன்னும் 26 தவணை. பழகுகிறேன்.

ஓய்வுபெற்ற துறைமுகத்தான் | காலை 10.30

பிள்ளைகளே, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கண்ணாடி மாற்றினேன், தட்டச்சுப் பிழை இருக்காது.

இயந்திரத்துக்குப் பயந்தவனல்ல நான். அஷ்ரப் இறங்குதுறையில் சீமெந்து மூட்டை சுமந்தவர்களின் தோளைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதில் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது, மனைவிதான் தலை சீவிவிட வேண்டும். அந்த வேலை போனதற்காக அழுகிறவன் அதைச் செய்யாதவன். ரொட்டர்டாம் துறைமுகத்தில் 1993இலேயே சாரதியில்லாத வண்டிகள் கொள்கலன் இழுத்தன. கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தில் இன்று பக்கத்து மீனவக் குடும்பங்களின் பெண்கள் அறைக்குள் இருந்தபடி திரையைப் பார்த்துப் பாரந்தூக்கியை இயக்குகிறார்கள். நல்லதுதானே.

பெரிய கம்பனியும் இந்த ஊருக்குப் புதிதல்ல. சீனக்குடா எண்ணெய்க் குதங்களை எடுங்கள். வெள்ளைக்காரன் கட்டியவற்றில் இன்று 99 என்று கணக்கு. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு; அதில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு. பிடித்தவரும் உண்டு, பிடிக்காதவரும் உண்டு. ஆனால் எண்கள் உங்களுக்கும் எனக்கும் தெரியும். நாடாளுமன்றத்தில் கத்தினார்கள், பத்திரிகையில் போட்டார்கள்.

சம்பூருக்கு வருவோம். 2006இல் போரால் சனம் ஓடியது. அவர்களுடைய காணியில் 818 ஏக்கரை முதலீட்டுக்கென்று ஒதுக்கினார்கள். கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமை வர்த்தமானியில் எழுத்தாக இருந்தது. ஆகவே 2015இல் இன்னொரு வர்த்தமானியால் அதை ரத்துச் செய்ய முடிந்தது. முதலீட்டாளர் உயர் நீதிமன்றம்வரை போய்ப் பார்த்தார், காணி சனத்திடம் திரும்பியது. அங்கே கட்டவிருந்த நிலக்கரி மின் நிலையமும் 2016இல் கைவிடப்பட்டது. இப்போது சூரிய மின் திட்டம் வருகிறது. பத்து வருடம் அகதி முகாமில் கிடந்த மனிதனுக்கும் இன்ன பக்கம், இன்ன திகதி என்று விரல் வைத்துக் காட்ட ஒரு தாள் இருந்தது.

சாரதித் தம்பியின் சேவை விதிமுறை எந்த வர்த்தமானியில் வந்தது? எப்போது மாறியது? யார் கையொப்பமிட்டார்? 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தாவிட்டால் அன்றைக்கு ஹயர் கிடையாது. அழுத்தியவரும் அவர்தான் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் சொல்வார்கள்.

எங்கள் துறையின் தவறையும் சொல்லி முடிக்கிறேன். 2021 பெப்ரவரியில் கொழும்புக் கிழக்கு முனையத்தை இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் பங்கு கொடுப்பதைத் தொழிற்சங்கங்கள் நிறுத்தின. கைதட்டினோம். பக்கத்து மேற்கு முனையம் அதானி குழுமத்துக்கு 51 வீதப் பங்கோடு போனது. 2025 ஏப்ரலில் தன்னியக்கப் பாரந்தூக்கிகளோடு வேலை தொடங்கியது. சொந்தக்காரன் யார் என்று சண்டை பிடித்தோமே தவிர, இயந்திரம் வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன வேலை, எத்தனை பேருக்குப் பயிற்சி என்று ஒரு வரி கேட்கவில்லை.

அனுராதபுரச் சந்தி 7 | காலை 10.52

ஐயா எழுதியதில் சங்கம் பற்றிய கடைசிப் பந்தி சுடுகிறது. சரி, இடக்காசு: என்னிடம் வாங்கியது 60,000. நான் யாரிடமும் வாங்கவில்லை, ஆனால் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். தாதி அக்காவுக்கு இது போதுமா?

லிங்கநகர்த் தாதி | காலை 11.15

போதும். நன்றி.

சட்டம் படிக்கும் பிள்ளை | பகல் 12.40

சாரதி மாமா கேட்ட கேள்விக்கு நேராகப் பதில்.

ஒன்று, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். முழுக்க முழுக்கத் தன்னியக்கமாக எடுத்த முடிவு ஒருவரின் உரிமைகளை மீளமுடியாதபடி தொடர்ந்து பாதித்தால், அதை மீளாய்வு செய்யும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. மேசை இல்லை என்று கிண்ணியா நானா சொன்னாரே, அந்த மேசைக்குத் தச்சனிடம் கொடுக்க வேண்டிய அளவு இதுதான். தச்சன் இன்னும் வரவில்லை: முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியவை, தள்ளிப்போட்டார்கள்.

இரண்டு, தொழிற்சட்டம். பிரித்தானியாவில் இரண்டு சாரதிகள் 2016இல் தொழில் நியாய சபையில் வென்ற வழக்கை ஊபர் மேலே மேலே கொண்டுபோனது. 2021 பெப்ரவரியில் அந்த நாட்டு உயர் நீதிமன்றமும் அவர்கள் தொழிலாளர்களே என்று சொல்லிவிட்டது. கட்டணத்தைத் தீர்மானிப்பது நிறுவனம், நிபந்தனையைத் தீர்மானிப்பது நிறுவனம், நட்சத்திரப் புள்ளியை வைத்து வெளியேற்றுவதும் நிறுவனம். பிறகு எப்படி இவர் சுயதொழில்காரர் என்பதுதான் தீர்ப்பின் சாரம். கலிபோர்னியாவில் மாறாக நடந்தது. சாரதிகளை ஊழியர் என்று கொள்ளும் சட்டம் வந்ததும் நிறுவனங்கள் 20 கோடி டொலருக்கு மேல் பிரசாரத்துக்குக் கொட்டி, 2020 நவம்பரில் வாக்கெடுப்பிலேயே தங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டன. சட்டத்தை மீறவில்லை, விலை கொடுத்து மாற்றினார்கள். எங்கள் விரிவுரைகளில் இந்த இரண்டாவது கதையை யாரும் சொல்வதில்லை.

மூன்று, நமக்கு எட்டக்கூடியது. வீதிப் பயணிகள் போக்குவரத்தில் மாகாணத்துக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்த பிறகு தேர்தலே நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும்தான். அதனால் கேட்க முடியாது என்று இல்லை. எழுத்தில் கேட்க வேண்டும்.

நிலாவெளி விருந்தினர் விடுதி | பகல் 1.30

அரசாங்கத்தின் கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது எழுதுவதற்கு முன் ஓடி வந்தேன். 2024 ஏப்ரலில் இணைய விசாவை வெளிநாட்டுக் கம்பனிக் கூட்டு ஒன்றிடம் தூக்கிக் கொடுத்தது அரசாங்கம்தான். 50 டொலராக இருந்தது பலருக்கு 100 டொலரைத் தாண்டியது. அந்தக் கிழமை என் வாட்ஸ்அப்பில் வந்த கேள்வியெல்லாம் கடலைப் பற்றியதல்ல, விசாவைப் பற்றியதுதான். ஒரு ஜேர்மன் குடும்பம் தாய்லாந்துக்குப் போய்விட்டது. ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அதையும் உடனே நடைமுறைப்படுத்தாததால் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகமே செப்டம்பரில் விளக்கமறியலுக்குப் போக வேண்டி வந்தது. என் பருவம் போனது போனதுதான்.

லண்டன் கடைக்காரன் | மாலை 4.05

இங்கே தபாலகக் கணினி காசு குறைகிறது என்று சொல்லிற்று. கணினியை நம்பி 900க்கு மேற்பட்ட உபதபாலதிபர்களைக் குற்றவாளிகள் ஆக்கினார்கள். 1999இல் தொடங்கிய கூத்து. பிழை மென்பொருளில். பலர் சொந்தக் காசைப் போட்டுக் கட்டினார்கள், சிலர் சிறைக்கே போனார்கள். குற்றத்தீர்ப்புகளை மொத்தமாக நீக்கும் சட்டம் வர 2024 ஆனது. உங்கள் கணக்கில் மட்டும்தான் பிழை காட்டுகிறது, வேறு எவரும் முறையிடவில்லை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்களாம். தம்பி, உங்களைப் போல் வேறு எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள்.

உப்புவெளிச் சாரதி | மாலை 6.20

எண்ணினேன். இன்று ரயில் நிலையம், கடற்படைத்தள வீதி, உப்புவெளிச் சந்தி மூன்றிலும் கேட்டதில் கணக்கு முடங்கியவர்கள் என்னோடு சேர்த்து 6 பேர். அதில் ஒருவர் உண்மையிலேயே கழிவைச் சுத்தியவர். அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஆகவே இயந்திரத்தின் சந்தேகம் ஆதாரமே இல்லாதது என்று நான் சொல்லமாட்டேன். ஆறு பேரில் எவன் கள்வன் என்று பார்க்க ஒரு ஆளை வைக்காததுதான் என் வழக்கு.

ஸ்காபரோ வாசி | இரவு 8.15

முன்பு எழுதியது கொஞ்சம் திமிராகத்தான் இருந்தது. ஈடாக ஒரு தகவல். பெங்களூரில் 'நம்ம யாத்ரி' என்ற செயலி ஆட்டோச் சாரதிகளின் சங்கத்தோடு சேர்ந்து வந்தது. பயணத்துக்குப் பயணம் கழிவு எடுப்பதில்லை. சாரதி நாளுக்கு 25 இந்திய ரூபா கட்டினால் போதும் என்ற முறையைக் கொண்டுவந்தது. மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. கேரள அரசு 2022இல் 'கேரள சவாரி' என்று தானே தொடங்கியது; அது ஆரம்பத்தில் சோபிக்கவில்லை, வண்டிகள் போதவில்லை. கட்டுவது கடினமில்லை. இரவு 11 மணிக்கு அழைப்பை எடுக்க யார் இருப்பார் என்பதுதான் கடினம்.

லிங்கநகர்த் தாதி | இரவு 8.31

அரசாங்கச் செயலி என்றால் போயா நாளில் மூடியிருக்கும். சங்கத்தின் செயலி என்றால் மழைக்கு 900 வரும். சாரதிகளும் பயணிகளும் சேர்ந்து ஒன்று என்றால் நான் வருகிறேன். ஆனால் முறைப்பாட்டைப் பார்க்கும் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், அது நானாக இருந்தாலும் சரி. குடித்தவரின் பக்கத்தையும் கேட்கிறேன். கேட்டுவிட்டு நிறுத்துகிறேன்.

உப்புவெளிச் சாரதி | வியாழன், காலை 5.55

இன்று விடிய 4.10க்குக் கணக்குத் திறந்திருக்கிறது. எழுந்து பார்த்தபோது பச்சைப் பட்டை. ஏன் பூட்டினார்கள், ஏன் திறந்தார்கள், ஒன்றும் இல்லை. தமிழ் வரி இப்போதும் கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது.

மற்ற ஐவருக்கும் திறக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

கிண்ணியா நானா | காலை 6.10

அல்ஹம்துலில்லாஹ். அப்படியானால், எழுத்தில் கேட்பது என்று பேசிக்கொண்டோமே, நாளை மறுநாள் அந்தக் கடிதம் எழுதும் வேலை?

உப்புவெளிச் சாரதி | காலை 6.14

உண்டு நானா. சனிக்கிழமை 10 மணி, கடற்கரையில் பழைய இடம். சட்டப்பிள்ளை நகல் எழுதி வருகிறார், மாகாணத்துக்கு ஒன்று, தொழில் திணைக்களத்துக்கு ஒன்று. சந்தி 7 சங்கத்தின் கடிதத்தலைப்புத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஓய்வுபெற்ற துறைமுகத்தான் | காலை 6.40

சிவப்புப் பட்டையைப் படம் பிடித்து வைத்திருப்பவர்கள் அச்செடுத்து, ஆளுக்கு மூன்று பிரதி கொண்டுவாருங்கள். போனில் காட்டினால் எந்தக் கந்தோரிலும் பாரம் எடுக்க மாட்டார்கள்.